மேசை மேல் ஒரு சிலிகான் காது: வீட்டில் ஹெட்ஃபோன் அளந்த மூன்று வருடம்

பார்சலைப் பிரித்த அன்று அம்மா கேட்டது: "யாரு காதுடா இது, சோறு திங்கிற மேசையில கெடக்கு?"

தோல் நிறத்தில் வார்த்த வலது சிலிகான் காது. அதன் பின்னால் கட்டைவிரல் பருமனில் ஒரு உலோக உருளை, அடியில் மைக் கேபிள் சொருகுகிற எக்ஸ்எல்ஆர் சாக்கெட். செவிக்குழாய் மாதிரி நடந்துகொள்கிற, உள்ளே மைக் வைத்த இந்த உருளைக்குக் கப்ளர் என்று பெயர். என்னுடையது ஐஇசி 60318-4 என்ற சர்வதேசத் தரத்தைப் பின்பற்றியது என்று சொல்லி விற்கிற சீன நகல். இதில் புழங்குகிறவர்கள் இன்னும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு '711' என்றுதான் சொல்வார்கள். அசல் வேண்டுமென்றால் கிராஸ், புருயெல் அண்ட் கேயர் போன்ற டென்மார்க் கம்பெனிகளிடம் போக வேண்டும். அவர்களுடைய முழுத் தலை பொம்மை விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம். எனக்குக் காது, கப்ளர், மைக்குக்கு மின்சாரம் (ஃபேன்டம் பவர்) தந்து அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தர ஃபோன் விலைதான் ஆனது.

வாங்கியதற்குக் காரணம் எரிச்சல். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அடுத்தவர் அளந்து போட்ட கிராஃபைப் பார்த்து இரண்டு முறை ஹெட்ஃபோன் வாங்கினேன். இரண்டும் அந்தக் கோடு சொன்னபடி என் காதில் கேட்கவில்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாமே என்று இறங்கினேன்.

மென்பொருள் ரூம் ஈக்யூ விசார்ட். அறையின் ஒலியை அளக்க எழுதப்பட்டது, இலவசம், இந்த வேலைக்கும் போதும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒரே இழுப்பாக ஏறும் ஸ்வீப்பை ஹெட்ஃபோனில் ஒலிக்கவிட்டு, மைக்கில் வந்ததை வைத்துக் கணக்குப் போட்டுக் கோடு வரையும். முதல் கோட்டைப் பார்த்ததும் ஹெட்ஃபோன் பாழ் என்றே நினைத்தேன். 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 10 டெசிபல் உயரத்துக்கு ஒரு மேடு. பிறகுதான் உறைத்தது, அந்த மேடு காதினுடையது. செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை மூடியது. அந்த நீளக் குழாய் அங்கேதான் அதிரும். நம் எல்லோர் காதிலும் அந்த மேடு உண்டு, மூளை பழகிவிட்டதால் தெரிவதில்லை. நேர்கோடாக வந்தால்தான் நல்ல ஹெட்ஃபோன் என்று இருந்த நினைப்பு அன்றோடு போனது.

முதல் இரண்டு மாதம் முழுக்க என் எதிரி மைக்கும் இல்லை, மென்பொருளும் இல்லை. காற்றுக் கசிவு.

மூடிய வகை ஹெட்ஃபோனின் பேட் காதைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்தால்தான் பேஸ், அதாவது அடி ஒலி, நிற்கும். காதை வெறும் மேசையில் படுக்கவைத்து, மேலே ஹெட்ஃபோனைச் சாய்த்து வைத்து அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் 50 ஹெர்ட்ஸில் வேறு எண். தலையில் அழுத்துகிற அதே விசையில் அது அழுந்த வேண்டும் என்று புரிந்த பிறகு, என் இரண்டு காதுக்கும் நடுவே உள்ள அகலத்தை அளந்தேன். பதினான்கரை சென்டிமீட்டர். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் அந்த அகலத்துக்கு ஒரு தேக்குக் கட்டையைக் கொடுத்து, ஒரு பக்கம் காது பொருந்துகிற மாதிரி குடையச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மூளைக்கு எடம் விட வேண்டாமா?" என்றார். அவருக்கு நான் கொடுத்தது நானூறு ரூபாய். மொத்தச் செலவில் அதிகப் பலன் தந்தது அந்த நானூறுதான்.

கட்டையில் மாட்டிய பிறகு ஒரு சோதனை செய்தேன். என் பழைய மூக்குக் கண்ணாடியின் கம்பியை உடைத்து, காதுக்கும் பேடுக்கும் நடுவே, கண்ணாடி போட்டால் எங்கே வருமோ அங்கே வைத்தேன். மூடிய ஹெட்ஃபோன் ஒன்றில் 50 ஹெர்ட்ஸில் 7 டெசிபல் காணாமல் போனது. நான் தினமும் கண்ணாடி போடுகிறவன். அடுத்தவர் கிராஃபில் இருந்த பேஸ் என் தலையில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, ஒரு பகுதி விடை ஒரு பிளாஸ்டிக் கம்பியில் கிடைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்த தலையில் கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

இப்போது எந்த ஹெட்ஃபோனையும் ஒரே முறை அளப்பதில்லை. மாட்டு, அளந்துகொள், முழுசாகக் கழற்று, மறுபடி மாட்டு. ஐந்து முறை. பிறகு ஐந்தின் சராசரி. என்னிடம் உள்ள சென்ஹைசர் எச்டி 600 திறந்த வகை, கசிவுக்கு அவ்வளவு அலட்டிக்கொள்ளாது; அதில்கூட 200 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 வரை ஐந்து கோடும் ஒரே நூலாக ஓடும், 5,000 தாண்டியதும் எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி பிரிந்து நிற்கும். 9,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. பேட் அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே காது மடலில் பட்டுத் திரும்புகிற அலைகள் வேறு இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அங்கே தெரிகிற ஒரு கூர்மையான பள்ளத்தைக் காட்டி "இந்த மாடலில் ட்ரெபிள் (உச்ச ஒலி) குறை" என்று யாராவது சொன்னால் எத்தனை முறை மாட்டி அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

காதுக்குள் சொருகும் இயர்ஃபோனுக்குச் சிலிகான் மடல் வேண்டாம், நேராகக் கப்ளரில். வேலை சுலபம், ஆனால் இங்கே வேறொரு தந்திரம் இருக்கிறது. இயர்ஃபோன் முனைக்கும் மைக் படலத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று அதிர்ந்து ஒரு கூர்முனையைக் காட்டும். எல்லோரும் அதை 8,000 ஹெர்ட்ஸில் வருகிற ஆழத்துக்குச் சொருகுவது வழக்கம். ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இடைவெளி. இன்னும் ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் அந்த முனை சுமார் 400 ஹெர்ட்ஸ் மேலே ஓடுவதைத் திரையில் பார்க்கலாம். அதாவது, நெட்டில் கிடக்கிற அத்தனை இயர்ஃபோன் கிராஃபிலும் தெரிகிற அந்த 8 கிலோஹெர்ட்ஸ் கொம்பு பெரும்பாலும் அளந்தவர் வைத்த ஆழம். அதை நிஜமென்று நம்பி ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கிற வசதி) வெட்டினால் இருப்பதும் கெடும். நான் வெட்டினேன். சிம்பல் எல்லாம் கம்பளிக்குள் அடித்த மாதிரி ஆனது.

சத்தம் பற்றிச் சொல்லாமல் முடியாது. எங்கள் வீடு பஸ் போகிற தெருவில். பகலில் அளந்தால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது ஹெட்ஃபோனா டவுன் பஸ்ஸா என்று சொல்ல முடியாது. ஃபேனை நிறுத்தி, யூபிஎஸ்ஸைத் தள்ளி வைத்து, இரவு பதினோரு மணிக்கு மேல்தான் உட்காருவேன். ஸ்வீப்பின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் சத்தத்துக்கு எதிரே சுமார் 3 டெசிபல் லாபம். வழக்கமாக 5 விநாடி வைப்பேன், தெரு அடங்கவில்லையென்றால் 22 விநாடி. ஒருமுறை நடு ஸ்வீப்பில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. கோட்டில் அந்த இடத்தில் ஒரு சிலிர்ப்பு. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் செய்த பெரிய தப்புகள் இரண்டு.

முதலாவது ஆம்ப். அளக்கும்போது ஒரு பழைய டெஸ்க்டாப் ஆம்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன், அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப் தன் பங்குக்கு மின்சாரத்தைத் தடுக்கிற அளவு) 10 ஓம். பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகைக் குட்டி ஒலிப்பான்கள் உள்ள இயர்ஃபோன்களில் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும்: ஓரிடத்தில் 40 ஓம், இன்னோரிடத்தில் 10. கணக்குப் போட்டால், 40 ஓம் இடத்தில் ஆம்ப் பறிப்பது 2 டெசிபல், 10 ஓம் இடத்தில் 6. ஆக, இயர்ஃபோனில் இல்லாத 4 டெசிபல் கோணலை நான் இயர்ஃபோன் தலையில் கட்டி, "ட்ரெபிள் செத்தது" என்று எழுதி, பாதி விலைக்கு விற்றும்விட்டேன். வாங்கியவர் ஃபோனில் நேராகச் சொருகிக் கேட்டுவிட்டு நன்றி சொன்னார். அவரிடம் காரணம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது இன்னும் அற்பம். இயர்ஃபோன் ஆடாமல் இருக்கப் போஸ்டர் ஒட்டுகிற களிமண் மாதிரிப் பசையை வைத்து அழுத்தினேன். அதன் உடம்பில் ஊசித் துளை அளவில் ஒரு காற்றுத் துளை இருந்தது, அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன். பேஸ் ஏறிப்போனது. "இதில் சப் பேஸ் அபாரம்" என்று ஒரு வாரம் நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

ஹார்மன் டார்கெட்டோடு ஒப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. ஹார்மன் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழு 2010களில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்கிற மாதிரி ஹெட்ஃபோன் கேட்க வேண்டும் என்று ஆட்களை உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்துக் கண்டெடுத்த கோடு அது. மதிப்பானது. ஆனால் அவர்களுடைய அளவுகோலில் வரைந்த கோடு. என் நகல் காதின் மடல் வேறு, சிலிகானின் இறுக்கம் வேறு. அதை என் கோட்டின் மேல் போட்டுப் பார்த்து "இங்கே 2 டெசிபல் தப்பு" என்பது ஒரு கடைத் தராசில் நிறுத்ததை வேறு கடைத் தராசின் படிக்கல்லோடு ஒப்பிடுவது மாதிரி. நான் அதைச் செய்வதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. எச்டி 600தான் என் படிக்கல். எந்த ஹெட்ஃபோன் வந்தாலும் அதிலிருந்து எங்கே எவ்வளவு விலகுகிறது என்று கழித்துப் பார்ப்பேன். என் கப்ளரின் குறை இரண்டு கோட்டிலும் இருப்பதால் கழித்தலில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். 5,000 வரை அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். 9,000க்கு மேல் நம்புவதில்லை.

ஒரே ஒரு காது வைத்திருப்பதில் லாபமும் உண்டு, வம்பும் உண்டு. இடம் வலம் இரண்டையும் ஒரே கப்ளரில் அளப்பதால், வித்தியாசம் வந்தால் அது ஹெட்ஃபோனுடையது. ஆனால் இடது கப்பை வலது காதில் மாட்ட ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட வேண்டும். பேட் சாய்வாக உள்ள மாடல்களில் இது செல்லாது. இயர்ஃபோனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

புளூடூத், இரைச்சல் நீக்கி வகைகளை அளப்பது தலைவலி. ஹெட்ஃபோன் தன் சொந்த மைக்கை வைத்து ஒலியைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. நான் அளப்பது அதன் அன்றைய மனநிலை. விட்டுவிட்டேன்.

மூன்று வருடத்தில் கருவி எப்படி இருக்கிறது? கப்ளர் அப்படியே. மாதம் ஒருமுறை எச்டி 600ஐ மாட்டிப் பழைய கோட்டோடு பார்ப்பேன், நடு அதிர்வெண்களில் அரை டெசிபலுக்குள் நிற்கிறது. காது மடல்தான் அழுக்கு ஏறி, தூசி ஒட்டி, பேட் பிடிக்கிற இடத்தில் வழுவழுப்புப் போனது. சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் சரியாகிறது. கேபிள் ஒன்று மாற்றினேன். கப்ளரின் சொந்தப் பிழையைத் திருத்தக் கூட வந்த காலிப்ரேஷன் ஃபைல் என் கப்ளருடைய வரிசை எண்ணுக்கு உரியதா, எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே ஃபைலா என்று விற்றவரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சிரிக்கிற பொம்மைதான் பதிலாக வந்தது.

இதனால் கிடைத்த நிஜமான பலனைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் என் மூடிய ஹெட்ஃபோன் சத்தம் ஒல்லியாகிவிட்டது என்று தோன்றியது. காது மந்தமா, மனப்பிரமையா தெரியவில்லை. வாங்கிய புதிதில் அளந்த கோடு இருந்தது. மறுபடி அளந்தேன். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் சரிவு, அதுவும் இடது பக்கம் மட்டும். விளக்கில் பிடித்துப் பார்த்தால் இடது பேடின் ரெக்ஸின் உள்மடிப்பில் மயிரிழை விரிசல், வியர்வையில் உரிந்தது. புது பேட் போட்டதும் கோடு பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடுதலான வேறு பேட் போட்டபோது 3,000 பக்கம் மாறியதையும் பார்த்தேன். பேட் வெறும் மெத்தை என்று நினைப்பவர்கள் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

ஒரு ஹெட்ஃபோன் நல்லதா என்று தெரிந்துகொள்ள மட்டும் இதை வாங்காதீர்கள், அதற்குக் காது இருக்கிறது. ஈக்யூ போட்டுப் பார்க்கிறவர், பேட் மாற்றுகிறவர், பழைய ஹெட்ஃபோன் வாங்கி விற்கிறவர் என்றால் வாங்கலாம். முதலில் இயர்ஃபோனுக்கான கப்ளர் மட்டும் போதும். மடலும் கட்டையும் பிறகு. கட்டைக்கு ஆசாரியிடம் போகும்போது உங்கள் தலையை அளந்துகொண்டு போங்கள், என்னுடைய பதினான்கரையை அல்ல.