ஊட்டி பட்ஜெட் லாட்ஜுகள்: வாடகையைக் கேட்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஊட்டியில் மலிவு அறைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையைத் தோளில் போடுவதற்குள் "ரூம் வேணுங்களாண்ணா? லேக் வியூ, ஹாட் வாட்டர், எல்லாம் இருக்கு" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். காய்ந்த அறைக்குத்தான் பஞ்சம். மதுரையிலும் திருச்சியிலும் லாட்ஜ் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் டிவி ஓடுகிறதா, கட்டில் பெரிதா, பாத்ரூம் டைல்ஸ் புதிதா என்று பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் இதெல்லாம் இரண்டாம்பட்சம். சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு இருக்கிறதா, வெந்நீர் எப்படி வருகிறது, அறைக்குப் போய்வர எவ்வளவு ஏற்றம், இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தப் பக்கம் தங்குவது என்று பார்த்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மலிவான லாட்ஜுகளில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான். நடை குறைவு, தரை சமம், விடிகாலை பஸ் பிடிக்க வசதி. ஆனால் ஊரிலேயே தாழ்வான பகுதி இது. 1823 முதல் 1825 வரை அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த ஏரி ஒரு காலத்தில் இந்த இடம் வரைக்கும் பரந்திருந்தது. பிறகு அதில் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸ் திடலும் வந்தன. பள்ளமான இடத்தில் குளிர்காற்று தேங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் வெள்ளை விரிக்கிற இடங்களில் ரேஸ் கோர்ஸ் புல்வெளியும் ஒன்று. எனவே ஏப்ரல், மே மாதத்தில் ஓர் இரவு தலை சாய்க்க இந்தப் பக்கம் தாராளமாகப் போதும். பனிக்காலத்தில் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு உதகமண்டலம் ஸ்டேஷனிலேயே தங்கும் அறை உண்டு. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிய வேண்டும். அறைகள் சொற்பம் என்பதால் டிக்கெட் எடுத்த கையோடு பார்த்தால்தான் கிடைக்கும்.

ஊரின் மையமான சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு பக்கம் வாடகை சற்றுக் கூடும். சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், தாவரவியல் பூங்காவுக்கு நடந்தே போகலாம், இரவில் ஆட்டோ தேவைப்படாது. ஆட்டோவுக்கு மீட்டர் என்ற பேச்சே இல்லாத ஊரில் இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு' இங்கேதான். எட்டின்ஸ் ரோட்டில் இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தின் விடுதியான ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆனந்தகிரி இருக்கிறது. பழைய பங்களா, காட்டேஜ், டார்மிட்டரி எல்லாம் ஒரே வளாகத்தில். பெயரைப் பார்த்துப் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், குடும்பமாகவும் தங்கலாம். குறைந்த செலவில் பழைய ஊட்டியின் வாசனை வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு அதுதான். பழைய கட்டடம் என்பதால் அறைக்கு அறை வித்தியாசம் இருக்கும். பார்த்துவிட்டுச் சாவி வாங்குங்கள்.

எல்க் ஹில், ஃபெர்ன்ஹில், தொட்டபெட்டா சாலைப் பக்கத்துக் காட்டேஜ்கள் போட்டோவில் அழகாக இருக்கும். வரைபடத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து விரல் தூரம்தான் தெரியும். நடந்தால் செங்குத்து ஏற்றம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆட்டோ என்றால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். இன்னொரு விஷயம்: இணையத்தில் 'ஊட்டி' என்று போட்டிருக்கும் அறை லவ்டேலிலோ கேத்தியிலோ தலைக்குந்தாவிலோ இருக்கலாம். பதிவதற்கு முன் "சேரிங் கிராஸிலிருந்து எத்தனை கிலோமீட்டருங்க? ரோட்டிலிருந்து ரூமுக்கு எத்தனை படி?" என்று கேட்டால் குட்டு வெளிப்படும். முழங்கால் வலிக்காரருக்கு நாற்பது படி ஏறுவதே பெரும்பாடு.

'வியூ' அறைக்குக் கூடுதல் காசு கொடுப்பது பெரும்பாலும் வீண். மேகம் இறங்கிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் திரைதான். பெரிய கண்ணாடி ஜன்னல் என்றால் இரவில் குளிரும் அந்த வழியாகத்தான் வரும். ஏரியைப் பார்க்கிற ஜன்னலைவிடக் காலை வெயில் விழுகிற கிழக்குப் பார்த்த ஜன்னல் மேல்.

இனி அறைக்குள் போவோம். மலையில் பெரும்பாலான கட்டடங்கள் சரிவை வெட்டி எழுப்பியவை. ரோட்டிலிருந்து பார்த்தால் தரைத்தளம், பின்பக்கம் போனால் மண்ணுக்குள் புதைந்திருக்கும். அந்தப் பின்பக்க அறைகளைத்தான் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வெட்டிய மண் சுவரை ஒட்டியே இருப்பதால் மழை நீர் கசிந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருப்பது இயல்பு, பிசுபிசுத்தால் வேண்டாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பெயிண்ட் உப்பியிருந்தாலோ, மாவு போல வெள்ளையாக உதிர்ந்தாலோ, அந்த அளவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலோ உள்ளே ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். அலமாரிக் கதவைத் திறந்ததும் பூஞ்சணம் வாடை அடித்தால் ஆஸ்துமாக்காரர்கள் அங்கே ஓர் இரவு கூடத் தங்கக் கூடாது. தரை முழுக்க கார்ப்பெட் விரித்த அறை வசதியானது என்று தோன்றும். உண்மையில் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வதே அதுதான். வெறும் தரையும் ஒரு மிதியடியும் போதும். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே மணம் தூக்கலாக இருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

இவ்வளவையும் பார்க்க மூன்று நிமிஷம் ஆகாது. முதல் மாடி அல்லது அதற்கு மேல், முன்பக்க அறை இருக்கிறதா என்று கேட்டு மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நூறு இருநூறு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். ஆளுக்கொரு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை), கூட ஒரு கம்பளி என்று முதலிலேயே வாங்கி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டால் ரிசப்ஷனில் ஆள் இருக்காது. ரஜாய் உறை அடிக்கடி துவைக்கப்படுவதில்லை, மழைக் காலத்தில் காயவும் காயாது. சொந்தமாக ஒரு போர்வை கொண்டுபோய் உள்ளே விரித்துக்கொள்வது நல்லது.

வெந்நீருக்கு வருவோம். சண்டை அதிகம் நடப்பது இதில்தான். "ஹாட் வாட்டர் இருக்குங்க" என்பது பதில் ஆகாது. "கீசரா, பாய்லரா, சோலாரா? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்குங்க?" என்று கேட்க வேண்டும். பாய்லர் என்றால் காலை 6 முதல் 9 வரை என்பது போல நேரம் வைத்திருப்பார்கள். பல இடங்களில் பையன் பக்கெட்டில் கொண்டுவந்து கொடுப்பார், பக்கெட்டுக்குத் தனிக் காசு. சோலார் என்றால் மேகமூட்டமான நாளில் நம்ப முடியாது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தூரமான அறையாக இருந்தால் முதல் ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீர்தான் வரும். திறந்து பார்த்து உடனே மூடிவிட்டு வெந்நீர் இல்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், கொஞ்ச நேரம் ஓட விடுங்கள்.

கீசரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 15 லிட்டர், 2,000 வாட் கீசர்தான் சாதாரணமாக மாட்டியிருப்பார்கள். மதுரையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருந்தால், 60 டிகிரிக்குச் சூடேற்றி, குளிக்கிற பதமான 40 டிகிரிக்கு விளாவினால் 40 லிட்டர் கிடைக்கும். சூடாகப் பதினேழு நிமிஷம் போதும். ஜனவரி ஊட்டியில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அதே கீசர் 25 லிட்டர்தான் தரும், சூடாகவும் இருபத்தாறு நிமிஷம் எடுக்கும். 25 லிட்டர் ஓர் ஆள் குளியல். நாலு பேர் இருக்கிற அறையில் ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கீசர் பழுது என்று கீழே போன் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். இரண்டு பேர் இரவே குளித்துவிடுவது உத்தமம்.

காஸ் கீசரைப் பார்த்தால் மட்டும் எச்சரிக்கை. சிலிண்டரோ கீசரோ பாத்ரூமுக்குள்ளேயே இருந்து, குளிர் வராமலிருக்க வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்திருந்தால் அந்த அறை வேண்டாம். காஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி இந்த மாதிரி மலையூர்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. குளிர்காய்வது வெளியில்தான்.

ரூம் ஹீட்டர் கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள். அது கொள்ளை இல்லை. 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 160 ரூபாய் கரண்டுக்கே போகிறது. கீசரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் 4,000 வாட். இரண்டும் 16 ஆம்ப் இணைப்பு ஒன்றிலேயே இருந்தால் அது தாங்குவது ஏறத்தாழ 3,700 வாட்தான், கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகலாம். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

வாடகை விஷயத்தில் காலம்தான் எஜமான். சீசன் இல்லாத வார நாளில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கிற இரட்டைக் கட்டில் அறை, மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் மூன்று மடங்கு ஆனாலும் ஆச்சரியம் இல்லை. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். அப்போதும் தொடர் விடுமுறையைத் தவிர்த்தால் பேரம் படியும். ஜூன் பிற்பாதியும், பொங்கல் கூட்டம் போன பிறகு பிப்ரவரியும் கைக்கு அடக்கமான மாதங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. போட்டால் 2025 செப்டம்பர் 22 முதல் ₹7,500 வரையிலான வாடகைக்கு 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தை இன்னும் யாராவது கேட்டால் பில்லை நீட்டச் சொல்லுங்கள். பதிவு எண் இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று எதையும் வாங்கக் கூடாது.

புரோக்கர் காட்டுகிற அறையில் அவர் கமிஷனும் சேர்ந்தே இருக்கும். இணையத்தில் பதிந்தவர்கள், குறிப்பாகச் சீசனில், கிளம்புவதற்கு முந்தின நாள் லாட்ஜுக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள். "எங்களுக்கு அந்த புக்கிங் வரவேயில்லைங்க" என்று வாசலில் கைவிரிப்பது மே மாதத்தில் சகஜம். யாரோ தனிநபர் எண்ணுக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து எடுக்கிற நுழைவு அனுமதி கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. லாட்ஜில் 'பார்க்கிங் உண்டு' என்றால் எத்தனை வண்டிக்கு என்று கேளுங்கள். பத்து அறைக்கு மூன்று வண்டி நிற்கிற இடம்தான் பெரும்பாலும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பறிகொடுக்க வேண்டியிருக்கும். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் ரோட்டோரக் குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பழைய ஊட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சேரிங் கிராஸ் பக்கம் தங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. ஆடம்ஸ் நீரூற்று வாசலிலேயே. அங்கிருந்து மேலே நடந்தால் 1830-ஐ ஒட்டி எழுந்த செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம், நீலகிரி நூலகம், இன்னும் ஏறினால் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா வேறு பக்கம். பூங்காவுக்குக் காலை, மற்றவற்றுக்கு மாலை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு நாளும் டாக்ஸிச் செலவே இல்லை.

கடைசியாகச் செக்-அவுட் நேரம். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதைச் சாவி வாங்கும்போதே கேளுங்கள். சீசனில் 10 மணிக்கே காலி செய்யச் சொல்கிற இடங்களும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிற மலை ரயில் பகல் 12 வாக்கில் ஊட்டி சேர்வதால் 12 மணி லாட்ஜ் அதில் வருகிறவர்களுக்குத் தோதாக இருக்கும். விடிகாலை நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து பஸ் பிடிக்கிறவர்கள் ஒன்பது மணி வாக்கிலேயே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் சரி, இல்லையென்றால் அரை நாள் வாடகை தண்டம். திரும்புகிற மலை ரயில் மதியம் 2 மணிக்கு. காலி செய்தபின் பைகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்வார்களா என்றும், வைத்தால் பூட்டுகிற அறையிலா, படிக்கட்டுக்கு அடியிலா என்றும் கேட்டுவிடுங்கள்.