டீசல் பிக்கப்புக்குப் பம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் தகட்டைப் படியுங்கள்

ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிறவர்கள், புதுவயல் அரிசி ஆலைகளுக்கு மூட்டை அடிக்கிறவர்கள் என்று நம் காரைக்குடிப் பக்கத்தில் பழைய டீசல் பிக்கப்பை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நிறையப் பேர். எஞ்சினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கும் பம்ப்பை உங்கள் வண்டியில் மாற்ற வேண்டி வந்தால், வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். கடைக்காரர் எடுத்துத் தருவது கச்சிதமாக உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், ஆனாலும் அது உங்கள் எஞ்சினுக்கு உரியதாக இருக்காது. மதுரையில் ஒரு உதிரிபாகக் கடையில், பம்ப்பின் மேலுள்ள விவரத் தகட்டின் படத்தைக் காட்டியும் எனக்கு அப்படித்தான் நடந்தது.

என்னுடையது ரோட்டரி பம்ப் உள்ள பழைய டி.ஐ. எஞ்சின் (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை). காலையில் ஒரே சாவியில் பிடித்துவிடும். மத்தியான வெயிலில் ஓட்டி வந்து, லோடு இறக்கிவிட்டுத் திரும்பக் கிளப்பினால் பிடிக்காது. பில்டர் மாற்றி, லைனில் காற்று இழுக்கிறதா என்று பார்த்து, காப்பர் வாஷர்களையும் மாற்றியாயிற்று. கடைசியில் காரைக்குடியில் எங்கள் மெக்கானிக் அண்ணன், சூடாக இருந்த பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பிப் பார்த்தார். உடனே பிடித்தது. பம்ப்பின் ஹெட், அதாவது டீசலை அழுத்தும் பகுதி, தேய்ந்துவிட்டது என்றார். இந்த வகைப் பம்ப்பில் நாலு சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர்தான் (உள்ளே முன்னும் பின்னும் போய்வரும் தண்டு) டீசலை அழுத்திக் கொடுக்கிறது. அது தேய்ந்திருந்தால், சூட்டில் இளகிய டீசல் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது.

புதுப் பம்ப்பே போட்டுவிடலாம் என்று மதுரைக்குப் போனேன். பழைய பம்ப்பைக் கழற்றும்போதே மெக்கானிக் அண்ணன் அதன் தகட்டைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கடையில் அந்தப் படத்தைக் காட்டினேன். "அதே பம்ப்தாண்ணே, புதுசு, கம்பெனி ஐட்டம்" என்று அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். 34,000 ரூபாய். பழைய பம்ப்பை எக்ஸ்சேஞ்சாக எடுத்துக்கொண்டு 4,000 கழித்தார். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

மாட்டியதும் வண்டி நன்றாகத்தான் பிடித்தது. கல் லோடு ஏற்றிக்கொண்டு திருமயம் தாண்டிப் போகும்போது வேலையைக் காட்டியது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி 60-ஐத் தாண்டவில்லை. டாப் கியரில் ஒரு அளவுக்கு மேல் எஞ்சின் சுற்றவே மறுக்கிறது, பின்னால் கன்னங்கரேலென்று புகை. நேராகப் புதுக்கோட்டையில் பம்ப்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் ஒரு மூத்த பம்ப் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் தகட்டை டீசலில் துடைத்தார், என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தார், "தம்பி, ரெண்டையும் நீங்களே படிச்சுப் பாருங்க" என்றார்.

என் பழைய பம்ப்பில் இருந்தது: வி.இ. 4/11 எஃப் 1600 ஆர். மதுரைக் கடையில் கொடுத்ததில் இருந்தது: வி.இ. 4/12 எஃப் 1100 ஆர்.

இதைப் படிக்க எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வி.இ. என்பது பம்ப் வகை. 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. அடுத்து வருவது பிளஞ்சரின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் உள்ளே எடைக்குண்டுகள் சுழலும் மெக்கானிக்கல் கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. அதற்கடுத்த எண் பம்ப்பின் நிர்ணய வேகம். கடைசி எழுத்து சுழலும் திசை: ஆர் என்றால் டிரைவ் பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழி, எல் என்றால் இடஞ்சுழி. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. ஆக 1600 பம்ப் 3200 சுற்று வரை போகும் எஞ்சினுக்கானது; 1100 பம்ப் 2200 சுற்று எஞ்சினுக்கானது, அதாவது டிராக்டர் போல மெதுவாக ஓடுகிற ஏதோ ஒன்றுக்கு. அந்த வேகம் வந்ததும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடுகிறது. பிளஞ்சரும் 1 மில்லிமீட்டர் பெரிது, டீசல் அளவும் வேறு எஞ்சினுக்கு வைத்தது. அதுதான் அந்தக் கரும்புகை. வகை எழுத்துகள் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அதே தகட்டில் பத்து இலக்கப் பாக எண் ஒன்றும் இருக்கும். அதுவும் இலக்கம் விடாமல் பொருந்த வேண்டும்.

அப்புறம் அவர் பெயின்டைக் காட்டினார். நகத்தால் சுரண்டினால் வெள்ளிப் பூச்சு உரிந்து வருகிறது, அடியில் கறுத்த அலுமினியம். போல்ட் மரைக்குள்ளும் அதே பூச்சு அடைத்திருக்கிறது. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவின் சீல் உடைந்து, ஸ்பேனர் பட்ட தழும்பு. தகட்டில் மைக்கோ என்ற பெயர். அந்த நிறுவனம் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது 2008-இல். ஆக, எப்போதோ செய்த பழைய பம்ப் ஒன்றைக் கழுவிப் பெயின்ட் அடித்துப் புதுப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் கதவும் பழையது என்று சொல்லித்தானே விற்கிறார்கள், அதில் என்ன குறை? பழுது பார்த்த பம்ப் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் அதற்குத் தக்க விலை பேசியிருப்பேன்.

திரும்பக் கொண்டுபோனபோது கடையில் பேச்சே வேறு. மாட்டிய பம்ப்புக்கு ரிட்டர்ன் கிடையாதாம். டீசலில் கலப்படம் இருந்திருக்குமாம். என் பழைய பம்ப்பையாவது கொடுங்கள் என்றேன், லோடில் போய்விட்டது என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான். ஹெட் மட்டும் மாற்றி, டீசல் அளவைச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் பண்ணியிருந்தால் அது இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும் என்று புதுக்கோட்டைக்காரர் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் என்று கேட்டால், புதிதாக வாங்கியது வண்டியில் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள்.

பழுது பார்த்த பம்ப் வாங்கினால் பெஞ்ச் சீட்டு கேளுங்கள். எந்தச் சுற்றில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது, நாலு அவுட்லெட்டிலும் சமமாக வருகிறதா என்பது அதில் இருக்கும். கண்ணாடிக் குழாய்களில் அளவு ஏறுவதை நின்று நீங்களே பார்க்கலாம். நல்ல பெஞ்ச்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். மாட்டும்போது டைமிங்கை (டீசல் பீய்ச்சும் நேரத்தை) டயல் கேஜ் என்ற முள் அளவுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காதை வைத்துச் சரிபார்ப்பவரிடம் விடாதீர்கள். காமன் ரயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ‘ரயில்’ என்ற குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் வகை) என்றால் கதையே வேறு. பம்ப் உள்ளே தேய்ந்து உலோகத்தூள் கிளம்பியிருந்தால் ரயில், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றையும் பார்க்காமல் பம்ப்பை மட்டும் மாற்றக் கூடாது.

லாரி, பிக்கப் எல்லாம் வியாபார உபயோகம், நுகர்வோர் வழக்குச் செல்லாது என்று கடைக்காரர் என்னை மிரட்டிப் பார்த்தார். அது சரியில்லை. சுயதொழிலாக, பிழைப்புக்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வாங்கியது மதுரையில் என்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கெடு இரண்டு வருஷம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கூப்பிட்டு முதலில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், இரண்டு தகடுகளின் படம், பெஞ்ச் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். வண்டியில் இப்போது இருப்பது 16,000 ரூபாய்க்குப் புதுக்கோட்டையில் வாங்கிய பழுது பார்த்த பம்ப். தகட்டில் 1600 இருக்கிறது, பில்லும் கையில் இருக்கிறது. மதுரையில் இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டோடு பம்ப் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.