டிவி பார்க்க வயர்லெஸ் ஹெட்போன்: காது மந்தமான ஒருவரின் நீண்ட நாள் அனுபவம்

எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. நரம்பு சார்ந்த குறைபாடு, மெல்ல மெல்லக் கூடி வந்தது. பகலில் ஹியரிங் எய்ட் போட்டுக்கொள்கிறேன். மாலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால் வயர்லெஸ் ஹெட்போன். பல வருடமாக இதுதான் வழக்கம். அகச்சிவப்பு, ரேடியோ, புளூடூத் என்று மூன்று வகையையும் வீட்டில் வைத்துப் புழங்கியிருக்கிறேன். எதை வாங்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால், பாஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி என்று ஆரம்பிப்பதில்லை. திரையில் உதடு அசையும் அதே நேரத்தில் சொல் காதுக்கு வந்து சேர்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

காரணம் சொல்கிறேன். ஆடியோகிராம் என்பது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காது சோதனை வரைபடம்; கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. என் ஆடியோகிராமில் 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஓரளவு மேலேயே இருக்கிறது. 2000-ஐத் தாண்டியதும் சரிந்து, 4000-ல் 60 டெசிபல் பக்கம் போய் நிற்கிறது. வயதாகிக் காது மங்கும் பெரும்பாலோருக்கு இதே மாதிரிச் சரிவுதான் இருக்கும். உயிரெழுத்துகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் அவை நன்றாகவே கேட்கின்றன. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது, அது போய்விடுகிறது. சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை என்று நம்மில் பலர் சொல்வது இதனால்தான்.

கட்டு, தட்டு, பட்டு மூன்றும் என் காதுக்கு ஏறக்குறைய ஒரே சொல். ஆனால் பேசுகிறவர் முகம் தெரிந்தால் ‘பட்டு’ உடனே தனியாக வந்துவிடும், ஏனென்றால் ப-வுக்கு உதடு மூடுகிறது. ‘மட்டு’ என்றாலும் உதடு மூடும்தான். ஆனால் ம-வின் மூக்கொலி கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் அதைக் காது பிடித்துக்கொள்ளும். இப்படிக் கண் பாதி, காது பாதி சேர்த்துத்தான் நாம் பேச்சைப் புரிந்துகொள்கிறோம். உதட்டைப் பார்த்துப் படிக்கிறோம் என்பதே தெரியாமல் பல வருடம் அதைச் செய்துகொண்டிருப்போம்.

ஒலி தாமதமாக வந்தால் இந்தக் கூட்டு உடைந்துவிடும். உதடு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும், காதில் முந்தின சொல் விழும். காது நன்றாகக் கேட்பவர்களுக்கு அது ஒரு சின்ன உறுத்தல். நமக்கோ இருந்த பாதி உதவியும் போய்விடும். படத்தைவிட ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ பார்ப்பவர்கள் அதைக் கவனிக்கத் தொடங்குவார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 என்ற பரிந்துரை சொல்கிறது. சாதாரண புளூடூத் ஹெட்போன்களில் ஓடும் எஸ்பிசி கோடெக்கில் (கோடெக் என்றால் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் முறை) 150-லிருந்து 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் சகஜம். அதாவது எல்லோருக்குமே தெரிகிற அளவு தாமதம், உதட்டை நம்பி இருக்கிறவர்கள் தலையில் விழுகிறது. பாட்டு கேட்க அருமையாக இருந்த ஒரு புளூடூத் ஹெட்போனில், செய்தி பார்த்தால் எனக்குப் பாதி வாக்கியம் தப்பிப் போனது இதனால்தான்.

டிவி அமைப்புகளில் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். பல டிவிகளில் ஒலியைத் தாமதப்படுத்தத்தான் வழி இருக்கும். ஏற்கெனவே பின்தங்கிய ஒலியை முன்னால் இழுக்க முடியாது. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக் தாமதத்தைச் சுமார் 40 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவருகிறது, அது தாராளமாகப் போதும். ஆனால் அனுப்புகிற பக்கம், வாங்குகிற பக்கம் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஹெட்போன் பெட்டியில் மட்டும் அச்சடித்திருந்தால் பயன் இல்லை. டிவியில் இல்லையென்றால் அதற்கென்று தனி டிரான்ஸ்மிட்டர், அதாவது ஒலியை அனுப்பும் கருவி, வாங்கி மாட்டியாக வேண்டும்.

அதனால்தான் டிவிக்கென்றே டிரான்ஸ்மிட்டருடன் சேர்த்து விற்கும் ரேடியோ ஹெட்போன்களின் பக்கம் நான் சாய்ந்துவிட்டேன். அனலாக் ரேடியோ வகையில் தாமதம் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் அமைதியான காட்சிகளில் மெல்லிய இரைச்சல் கேட்கும். என் மாதிரி மேல் அதிர்வெண் இழந்தவர்களுக்கு அது அவ்வளவாகத் தொந்தரவு தராது, காதிரைச்சல் இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டிஜிட்டல் வகையில் இரைச்சல் கிடையாது, தாமதமும் கவனத்துக்கு வராத அளவு. அதே அலைவரிசையில்தான் வைஃபையும் ஓடுகிறது. டிரான்ஸ்மிட்டரை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்திருந்தபோது எனக்கு அவ்வப்போது ஒலி வெட்டியது, இரண்டையும் தள்ளி வைத்தபின் நின்றது. அகச்சிவப்பு வகைக்கு நேர்ப்பார்வை வேண்டும். குறுக்கே யாராவது போனால் ஒலி விட்டு விட்டு வரும், சன்னல் வழியாக நேரடி வெயில் விழுந்தாலும் சிக்கல். சமையலறைக்கு எழுந்து போனால் அவ்வளவுதான். அமர்ந்த இடத்தை விட்டு நகராதவர்களுக்கு மட்டும் சரிப்படும்.

அடுத்து, வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி வெளியே வர எந்தத் துளைகள் இருக்கின்றன என்பதுதான் பாதி முடிவைத் தீர்மானிக்கும். 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையில் மாட்டினால் பெரும்பாலான டிவிகளில் ஸ்பீக்கர் நின்றுவிடும்; நான் கேட்கும்போது வீட்டில் மற்றவர்களுக்கு ஊமைப்படம். டிவியின் சொந்த புளூடூத்திலும் பல மாடல்களில் இதே கதைதான். ஒலியை வெளிச்சமாக மாற்றிக் கேபிளில் அனுப்பும் ஆப்டிகல் துளை இருந்தால் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. ஸ்பீக்கர் தன் பாட்டுக்கு ஓடும், ஹெட்போன் தன் பாட்டுக்கு ஓடும். டிவி சத்தத்தை மனைவி ரிமோட்டில் தனக்கு வேண்டிய அளவு வைத்துக்கொள்கிறாள். என் சத்தம் என் காதருகே உள்ள பட்டனில் இருக்கிறது. இந்த ஒரு வசதி வந்தபிறகு எங்கள் வீட்டில் மாலை நேரத்துச் சண்டை ஒன்று முழுசாக ஒழிந்தது. காது கேட்காதவர் தனி அறையில் தனி டிவி என்று ஒதுங்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லை.

ஆப்டிகல் பற்றி ஒரு விவரம், இது தெரியாமல் பலர் ஹெட்போன் கெட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கேபிளை மாட்டுவதற்கு முன் இரண்டு முனையிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும். கண்ணாடி மாதிரி இருப்பதால் மூடி இருப்பதே தெரியாது. மாட்டியபின் இன்னொரு முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவி அனுப்புகிறது என்று பொருள். வெளிச்சம் இருந்தும் சத்தம் வரவில்லையென்றால், டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்துக்குப் போய் ‘ஆட்டோ’ அல்லது ‘டால்பி டிஜிட்டல்’ என்று இருப்பதை ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரண ஸ்டீரியோ ஒலி) என்று மாற்றுங்கள். பெரும்பாலான ஹெட்போன் டிரான்ஸ்மிட்டர்களுக்கு 5.1 சரவுண்டு ஒலியை, அதாவது சுற்றிலும் பல ஸ்பீக்கர்களுக்கென்று பிரித்து வைத்த ஒலியை, பிரித்துப் படிக்கத் தெரியாது. சில சேனல் கேட்கிறது, சில சேனல் கேட்கவில்லை என்றாலும் காரணம் அநேகமாக இதுதான். ஸ்ட்ரீமிங் ஆப்களில் 5.1, ஸ்டீரியோ என்று இரண்டு ஒலித்தடம் இருந்தால் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 5.1-ல் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று வைக்கப்பட்டது. அதை இரண்டு காதுக்குள் அடக்கும்போது பின்னணி இசைக்கு அடியில் வசனம் போய்விடுவது உண்டு.

சத்தம் கூட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் கவலையோடுதான் பேச வேண்டியிருக்கிறது. நரம்புக் குறைபாட்டில் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி மற்றவர்களுக்குப் போலவே, சில நேரம் அதைவிட அதிகமாக, காதைக் குத்தும். கேட்கும் அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் நடுவில் இடம் குறுகிப்போயிருக்கும். மெதுவான வசனத்துக்காகச் சத்தத்தை ஏற்றி வைத்திருப்போம், திடீரென விளம்பரம் வந்து அறையும். அதனால் ‘எவ்வளவு டெசிபல் வரை போகும்’ என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்கும் குறை உள்ளவர்களுக்கென்று வரும் சில மாடல்கள் 120 டெசிபலைத் தாண்டும்; நமக்கு வேண்டியது அந்த உச்சம் அல்ல. மெல்லிய ஒலியை உயர்த்தி, பெரிய ஒலியை அடக்கும் வசதியும், பேச்சை முன்னால் கொண்டுவரும் ‘ஸ்பீச்’ பட்டனும்தான் வேண்டும். சென்ஹைசரின் ஆர்எஸ் 195, ஆர்எஸ் 5000 போன்றவை இந்த எண்ணத்தில் செய்யப்பட்டவை. அந்த நிறுவனத்தின் நுகர்வோர் ஹெட்போன் பிரிவை 2022-ல் வாங்கியது சோனோவா, அதாவது ஃபோனாக் ஹியரிங் எய்ட் செய்கிறவர்கள். இரண்டு துறையும் ஒன்றாகிக்கொண்டு வருவது நம் போன்றவர்களுக்கு நல்லது.

வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஏற்கெனவே காது போனவனுக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். மிச்சம் இருக்கும் கேள்திறனைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும். நான் முடிந்தவரை சத்தத்தைக் கூட்டாமல் சப்டைட்டிலைப் போட்டுவிடுகிறேன்.

இடது காதும் வலது காதும் எல்லோருக்கும் ஒரே அளவு குறைந்திருக்காது. எனக்கு இடது மோசம். ஆகவே இடம், வலம் தனித்தனியாகச் சரிசெய்யும் பேலன்ஸ் குமிழ் இல்லாத ஹெட்போனை நான் இனி வாங்க மாட்டேன். ஒரு காது முழுசாகவே கேட்காதவர்களுக்கு இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும் மோனோ வசதி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் திரையின் ஒரு பக்கம் நின்று பேசுகிறவர் வசனம் காணாமல் போகும். அப்புறம் ஒன்று: ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் திடீரெனக் குறைந்தால் ஹெட்போன் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தாமதித்தால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

ஹியரிங் எய்டைக் கழற்றிவிட்டு ஹெட்போன் போடுவதா, மேலேயே போடுவதா? காதுக்குப் பின்னால் மாட்டும் வகை என்றால் அதன் மைக் காது மடலின் மேல்பக்கம் இருக்கும். ஹெட்போன் மூடி அழுத்தினால் கீச்சென்று விசில் வரும், கண்ணாடிச் சட்டமும் சேர்ந்து வலிக்கும். நான் கழற்றிவிடுகிறேன். கேள்திறன் 70 டெசிபலுக்கு மேல் இழந்தவர்களுக்கு இந்த வழி சரிவராது என்றுதான் சொல்வேன். அவர்கள் ஹெட்போனுக்குச் செலவழிக்கும் முன், தங்கள் ஹியரிங் எய்ட் நிறுவனமே தரும் டிவி கருவியைக் கேட்டுப் பார்க்கட்டும். ஃபோனாக்கில் டிவி கனெக்டர், ஓட்டிக்கானில் டிவி அடாப்டர் என்று இருக்கின்றன. ஒலி நேராக எய்டுக்குள் போய், உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்பவே பெருக்கப்படும். எந்த ஹெட்போனும் அந்தளவு பொருத்தமாகத் தர முடியாது. எய்டின் பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும். டெலிகாயில் (காந்த அலையாக வரும் ஒலியை வாங்கும் சின்னச் சுருள்) உள்ள எய்ட் என்றால், அந்த அலையை அனுப்பும், கழுத்தில் மாட்டும் லூப்பும் ஒரு வழி.

நீண்ட நாள் பயன்பாட்டில்தான் தெரியும் விஷயங்கள் வேறு. முதலில் போவது காது மெத்தை. செயற்கைத் தோல் என்றால் வியர்வையில் உரிந்து கறுப்புத் துகளாகக் கொட்டும். மாற்று மெத்தை கிடைக்கும் மாடலா என்று முன்பே பாருங்கள், துணி மெத்தை என்றால் இன்னும் நல்லது. இரண்டாவது பேட்டரி. சீல் செய்த லித்தியம் பேட்டரி தளர்ந்தால் ஹெட்போனே முடிந்த மாதிரி. ட்ரிபிள் ஏ அளவு ரீசார்ஜ் செல் போடும் மாடல்களில் புதுச் செல் வாங்கிப் போட்டால் மறுபடி ஓடும். அதில் ரீசார்ஜ் ஆகாத சாதாரண செல்லைப் போட்டு ஸ்டாண்டில் வைக்கக் கூடாது. சார்ஜுக்கு ஸ்டாண்டில் வைத்தால் போதும் என்றிருப்பது வயதானவர்களுக்குப் பெரிய வரம். நடுங்கும் விரலால் சின்ன யுஎஸ்பி முனையைத் துளையில் நுழைப்பது தினமும் நடக்கிற காரியமில்லை. ஸ்டாண்டில் உள்ள உலோகப் புள்ளிகளை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அழுக்குப் படிந்து சார்ஜ் ஏறாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் டிவிக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாசல் மணியும் பக்கத்தில் இருப்பவர் குரலும் ஏற்கெனவே நமக்குக் கஷ்டம். அதையும் அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தலை கனக்கிறது, காது வியர்க்கிறது என்பவர்களுக்குத் தாடைக்குக் கீழே தொங்கும் ஸ்டெதஸ்கோப் மாதிரியான வகை இருக்கிறது. அது எடை குறைவு, முடியும் கலையாது. ஆனால் காதுக்குள் முனை அழுத்துவது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று புதிதாக வாங்குகிறவர் என்றால் ஆராகாஸ்ட் என்ற பெயரையும் விசாரியுங்கள். 2022-ல் பெயரிடப்பட்ட புளூடூத் ஒலிபரப்பு முறை இது. ஒரு டிவியிலிருந்து எத்தனை ஹெட்போன், எத்தனை ஹியரிங் எய்ட் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம்; ஒவ்வொருவர் சத்தமும் அவரவர் கையில். தாமதமும் பழைய புளூடூத்தைவிடக் குறைவு. சில புதிய டிவிகளிலும் எய்டுகளிலும் வந்துவிட்டது. டிவி மாற்றும் எண்ணம் இருந்தால் அதுவரை ஹெட்போனைத் தள்ளிப்போடலாம். அந்த எண்ணம் இல்லையென்றால் ஆப்டிகல் துளையுள்ள டிஜிட்டல் ரேடியோ வகையை, திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்தி வாசிப்பவர் முகம் பெரிதாகத் தெரியும் ஒரு நேரடி ஒளிபரப்பை வையுங்கள். ப, ம வரும்போது உதடு மூடுவதும் ஒலி கேட்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.