உத்தரத் தேக்கில் செய்த பேஸ் கிட்டார்: எட்டு மாதம் வாசித்த பிறகு

முதலிலேயே எடையைச் சொல்லிவிடுகிறேன்: 4.8 கிலோ. ஏற்கெனவே என்னிடம் இருந்த ஆல்டர் மர பேஸ் 3.9 கிலோ. மளிகைக்கடைத் தராசில் நிறுத்தினேன், கடைக்காரர் சிரித்தார்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தால் தூண், நிலை, உத்தரம் எல்லாம் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடும். அப்படி ஓர் உத்தரத்துண்டு கிடைத்தது. பர்மா தேக்கு, நகரத்தார் அங்கே தொழில் நடத்திய காலத்தில் கப்பலேறி வந்த ரகம். மரம் 2,200, ஆசாரி கூலி 6,500. அவர் கதவும் நிலையும் செய்கிறவர், கிட்டாரைத் தொட்டதில்லை. என் பேஸைக் கழற்றி பாடியை, அதாவது நடு உடலை மட்டும் கொடுத்து, "இதே அளவு, இதே குழி, கனம் 44 மில்லிமீட்டர், அவ்வளவுதான் அண்ணே" என்றேன். இரண்டு வாரம் என்றார். ஏழு வாரம் ஆனது.

அதில் பாதிக் குற்றம் மரத்தின் மேல்தான். உள்ளே ஓர் ஆணி ஒடிந்து நின்றிருக்கிறது, அதைச் சுற்றிக் காசளவுக்குக் கறுப்பாக ஊறியிருந்தது, குழி குடையும் மெஷினான ரௌட்டரின் பிட் அதில் போய் இடித்து முனை போச்சு. தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு. மூன்று துண்டைச் சேர்த்து ஒட்டியது முதல் தடவை விட்டுவிட்டது. அசிட்டோனால் துடைத்து, காய்ந்த கையோடு ஒட்டிய பிறகுதான் பிடித்தது. ஆனால் நெக், அதாவது கழுத்து, உட்காரும் குழியைப் பார்க்கணும், ஒரு தாள் நுழையாது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் துளைகள் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போய், ஓரத்தில் இருக்கும் ஜி கம்பி நெக்கின் விளிம்புக்கே வந்துவிட்டது. குச்சி வைத்து அடைத்துத் திரும்பத் துளைத்தார், கூலி கேட்கவில்லை.

சரி, சத்தம். 'தேக்கு போட்டால் சத்தம் கணீரென்று இருக்கும்' என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பித்தான் காசு போட்டேன். அதே நெக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதே பிக்கப், அதே கம்பி, எல்லாவற்றையும் இரண்டு பாடியிலும் மாற்றி மாற்றிப் பூட்டி ஒரே பாட்டைப் பதிவு செய்தேன். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பருக்கு எது எது என்று சொல்லாமல் பத்துத் தடவை போட்டுக் காட்டினேன். ஐந்துதான் சரியாகச் சொன்னார். காசைச் சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்! வாசிக்கும்போது வயிற்றில் படும் அதிர்வு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, அது எனக்கு, கேட்கிறவர்களுக்கு இல்லை. ஜி கம்பியில் ஆறாவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கம் சுரம் சீக்கிரம் செத்துப்போகும் ஓர் இடம் உண்டு, அதுகூட அப்படியே கூட வந்துவிட்டது. அது நெக்கின் குணம், பாடியை மாற்றி என்ன பயன்?

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. காந்த பிக்கப் கம்பியின் ஆட்டத்தைத்தான் பிடிக்கிறது, மரத்தின் சத்தத்தை அல்ல. வீணை அப்படியில்லை, அங்கே பலாமரக் குடம்தான் ஒலியைப் பெருக்கித் தருகிறது. வீணைக்குப் பேர்போன காரைக்குடி சகோதரர்கள் வாசித்த ஊரில் இருந்துகொண்டு நான் இரண்டையும் குழப்பிக்கொண்டது என் தப்பு.

ஆக, மரம் பார்ப்பது தோளுக்காக. அதிலும் பேரை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்க கிட்டார் கம்பெனியான ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு முதலில் ஆஷ் மரம், 1956 வாக்கில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார்கள். ஆஷிலேயே சதுப்பில் வளர்ந்த மரத்தின் அடிப்பகுதி லேசு, மேட்டில் வளர்ந்தது தேக்குக்குச் சமமாகக் கனக்கும். கடையில் வாங்கினால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். ரொம்ப லேசாக இருந்தாலும் வம்பு, ஸ்ட்ராப்பில் மாட்டிக் கையை விட்டால் தலை கீழே சாயும், இடது கை அதைத் தாங்கியே களைத்துவிடும். தேக்கில் அந்தத் தொல்லை சுத்தமாக இல்லை, மாட்டிய இடத்தில் நிற்கிறது.

ஆனால் திருவிழாக் கச்சேரியில் நாலு மணி நேரம் நின்றால்? தேவகோட்டைப் பக்கம் ஒரு கச்சேரி முடிந்து மறுநாள் தலையைத் திருப்ப முடியவில்லை. அகலமான ஸ்ட்ராப் மாற்றினேன், கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் ஆசாரியிடமே திரும்பப் போய், முகப்பில் இருக்கும் பிக்கார்டு தகடு மூடும் இடத்தில் உள்ளே குடைந்துவிடச் சொன்னேன். "நல்ல மரத்தை ஏன் தம்பி வீணாக்குற?" என்று ரொம்ப நேரம் சம்மதிக்கவில்லை. கடைசியில் குடைந்தார், செதிலையும் தூளையும் ஒன்றுவிடாமல் மஞ்சப்பையில் அள்ளிக் கையில் கொடுத்தார். அதே மளிகைக்கடையில் நிறுத்தினேன், 260 கிராம்.