மைலேஜ் கூட்டித் தருகிறேன் என்றவரை நம்பி 86,500 ரூபாய் போன கதை

இன்று மதியம்தான் கியர்பாக்ஸ் வேலைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் சோம்பல் வந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

இருப்பது சேலம். வாரத்தில் மூன்று நாள் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுதப் போகிறேன். வண்டி பழைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகை), செகண்ட் ஹேண்டில் வாங்கியது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். எட்டு மாதத்துக்கு முன்னால், ஆட்டோமேட்டிக் கார்களுக்கென்றே போர்டு வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'மைலேஜ் பேக்கேஜ்' என்றார்கள். கியர் ஆயில் மாற்றுவது, த்ராட்டில் சுத்தம் செய்வது, அப்புறம் 'ஓட்டும் முறை' சொல்லித் தருவது, எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்.

அந்த ஓட்டும் முறையில்தான் விழுந்தேன். முதலாளியே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எந்த ஒர்க்‌ஷாப் முதலாளி இப்படி நமக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவார், சொல்லுங்கள்? ஏற்காடு ரோட்டில் நாலைந்து வளைவு ஏறித் திரும்பி இறங்கும்போது, "இப்ப நியூட்ரலுக்குத் தள்ளுங்க சார்" என்றார். தள்ளினேன். டேஷ்போர்டில் மைலேஜ் காட்டும் பட்டை சர்ரென்று கடைசிக் கோடு வரை ஏறி நின்றது. "பாத்தீங்களா? இனிமே இறக்கம் முழுக்க ஓசிதான்" என்று சிரித்தார். டேங்கில் பெட்ரோல் தானாக ஊறுவது போல எனக்கும் ஒரே குஷி. வாசலில் இறக்கிவிட்டபோது டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

லிவரை டிரைவிலேயே, அதாவது வண்டி முன்னால் ஓடும் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்திருந்தாலும் அதே பட்டை அதே கடைசிக் கோட்டுக்குத்தான் போயிருக்கும். அதை மட்டும் அவர் காட்டவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். வளைவுக்கு வளைவு நியூட்ரல், டிரைவ், மறுபடி நியூட்ரல். டிரைவில் போடும்போது அடியில் 'டக்' என்று ஒரு இடி. அடிவாரம் வரும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாடை. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அடிவாரத்தில் டிரைவில் போட்டால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

தூக்கிப் போக வந்த பையனிடம், "நியூட்ரல்ல போட்டுக் கயிறு கட்டி இழுத்துடலாமா?" என்று கேட்டேன். "ஐயோ சார், ஆட்டோமேட்டிக்க அப்படி இழுத்தா உள்ள ஆயில் ஓடாது, கியர்பாக்ஸ் செத்துடும்" என்று சொல்லி, முழு வண்டியையும் லாரி மேலே ஏற்றினான். இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டியவருக்குத் தெரியாததா இது?

கியர்பாக்ஸைப் பிரித்தது வேறொரு இடத்தில். அந்த மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். ஆயில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. நியூட்ரலில் இறங்கும்போது இன்ஜின் ஐடிலில், அதாவது அணையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றும், பம்பும் ஆயிலை மெதுவாகத்தான் தள்ளும், ஆனால் சக்கரத்துப் பக்கம் உள்ளதெல்லாம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் டிரைவைப் போடும்போது கிளட்ச் தகடுகள்தான் அடி வாங்கும். பெட்ரோல் மிச்சமும் கிடையாதாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போது, வேகம் ரொம்பக் குறையாத வரை, கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒவ்வொரு இறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியிருக்கிறேன். அப்புறம் கியர்பாக்ஸிலிருந்த ஆயிலை ட்ரேயில் ஊற்றிக் காட்டினார், டிக்காஷன் மாதிரி கறுப்பு, கருகிய நாற்றம். "இந்த ஆயில மாத்தி ரொம்ப வருஷம் ஆயிருக்கும்" என்றார். 4,500 ரூபாயில் மாற்றியதாகச் சொன்ன அதே ஆயில்!

ரிப்பேர் 82,000. பழைய 4,500-ஐச் சேர்த்தால் 86,500 ரூபாய்.

முதல் போனில் முதலாளி, "நீங்க வேகமா ஓட்டியிருப்பீங்க சார்" என்றார். இரண்டாவது போனில், "நியூட்ரல்ல விடச் சொன்னதா? நானா?" நேரில் போனேன், அண்ணன் சென்னை போயிருக்கிறார் என்றான் கடைப் பையன், உள்ளே அவருடைய செருப்பு கிடக்கிறது. பில்லைத் தேடி எடுத்தால் 'ஜெனரல் சர்வீஸ்' என்று ஒரே வரி. ஆயில் என்ற வார்த்தையே இல்லை. நேற்று போட்ட மெசேஜுக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 86,500 ரூபாய், என் இரண்டரை மாதச் சம்பளம்.

சரி, கவனிக்க வேண்டியது. மலை இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம், லோ கியரில் போட்டு இறங்குங்கள், பிரேக்கும் பிழைக்கும். ஆயில் மாற்றினால் பழைய ஆயிலைக் கண்ணால் பாருங்கள், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் நாளைக்குக் கூப்பிடப் போகிறேன். இன்னும் இரண்டு மூன்று சொல்ல நினைத்தேன், இப்போது ஓடவில்லை. வண்டி வர வியாழக்கிழமை ஆகுமாம், காலையில் ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.