நனோ சிர்க்கோனியா கிறவுண்: திருகோணமலைப் பல் லாப்பில் நீண்டகாலப் பயன்பாடு

புல்மோட்டை மணலில் இல்மனைற்றோடும் றூட்டைலோடும் கலந்து கிடக்கும் சேர்க்கன்தான், கிறவுண் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) செய்யும் சிர்க்கோனியாப் பீங்கானின் மூலக் கனிமம். மண் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் கிறவுணை வெட்டியெடுக்கும் சிர்க்கோனியா வட்டான டிஸ்க்கோ இறக்குமதி.

பெட்டியில் ‘நனோ’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிக் காசைக் கொட்டவேண்டாம். சிர்க்கோனியா மா சில பத்து நனோமீற்றர் மணியாக இருந்தாலும், சுட்டபின் மணி 300 - 500 நனோமீற்றருக்கு வளர்ந்துவிடும். பலம் அந்த அளவில்தான் தங்கியிருக்கிறது. விரிசலொன்று நுழைந்தால், அதன் நுனியிலுள்ள மணிகள் பளிங்கு வடிவம் மாறி, கனவளவில் ஏறக்குறைய 4 சதவீதம் பருத்து, விரிசலை நெரித்துவிடும். கூடுதலாகச் சுட்டு மணியைப் பெருக்கவிட்டால், வாயின் ஈரமே அந்த மாற்றத்தைத் தொடக்கி மேற்பரப்பைப் பொரியச் செய்யும். ஆகவே 1,500 பாகை என்று தாளில் இருந்தால் 1,500 தான். ‘நன்றாக வேகட்டும்’ என்று 1,600 வைப்பது கெடுதல். கால் சதவீதமளவு அலுமினா சேர்ந்த டிஸ்க் இந்தச் சிதைவைப் பிந்தவைக்கும்.

பாக்குக் கடிக்கிறவர்களின் கடைவாய்க்கு 3 மோல் சதவீத இற்றியா (சிர்க்கோனியாவோடு கலக்கும் ஒக்சைட்டு) வகையைத்தான் சொல்லுவோம்: வளைவுப் பலம் 900 மெகாபாஸ்கலுக்கு மேல். 5 மோல் சதவீத வகை ஒளிபுகும், அழகு. ஆனால் பலம் ஏறத்தாழப் பாதி. அது முன்பல்லுக்கு.

சுடும்போது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 20 சதவீதம் சுருங்கும். அதை ஈடுசெய்ய எவ்வளவு பெரிதாக வெட்டவேண்டும் என்று டிஸ்க்கிலுள்ள பெருக்க எண் தொகுதிக்குத் தொகுதி வேறு. பழைய எண்ணோடு வெட்டினால் ஓரம் பொருந்தாது, பிறகு தேய்த்தும் சரிவராது.

இங்கே பெரிய எதிரி ஈரம். சுடாத துண்டு சோக்குக் கட்டி மாதிரி, நிறத்திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெளியே வைத்துக் காயாது. விளக்கின் கீழ் ஒரு மணித்தியாலமாவது வேண்டும். பல பற்களைச் சேர்த்துச் செய்யும் தடித்த பிரிட்ஜ் என்றால் இன்னும் கூட. உள்ளே ஈரம் நின்றால் நீராவி வெடிப்பு விழுத்தும். மின்சாரமும் பார்க்கவேண்டும். கணினிக்கு வைக்கும் யூபிஎஸ் இந்த உலையைத் தாங்காது, தானாக மாறும் ஜெனரேற்றர் தேவை. உச்ச வெப்பத்தில் கரண்ட் போன துண்டை மறுபடி சுட்டு நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது.

சுட்டபின் தண்ணீரில்லாமல் கரட்டு டயமண்ட் பர்ரால் (சுழலும் தேய்ப்பு முனை) தேய்ப்பதுதான் நல்ல கிறவுண்களைக் கொல்லுகிறது. பொறி பறந்தால் நுண்வெடிப்பு விழுந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். நுண்மணி பர், தண்ணீர், மெல்லிய அழுத்தம். பிறகு ரப்பர் பொலிஷ். கடிக்கும் பரப்பில் கிளேஸை (கண்ணாடிப் பூச்சு) நம்பவேண்டாம்: தேய்ந்து சொரசொரத்தால் எதிர்ப்பல்லைத் தின்னும்.

ஒட்டுமுன் கிறவுணின் உட்புறத்துக்கு மணல் அடிக்கவேண்டும்: 50 மைக்ரோமீற்றர் அலுமினா, 2 பார் அழுத்தம், பின் எம்டிபி பிறைமர் (பசை பிடிக்க முன்பூசும் திரவம்). வாயில் வைத்துப் பார்த்து எச்சில் பட்டதைப் பொஸ்போரிக் அமிலத்தால் கழுவும் பழக்கத்தை விடவேண்டும். பொஸ்பேற்று ஒட்டிக்கொண்டு பிறைமரின் இடத்தைப் பிடித்துவிடும். மறுபடி மணல் அடித்தால் போதும்.