999 ரூபாய்க்கு 88 டெஸ்ட்: பணம் கட்டும் முன் எண்ணிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் மடித்து வைத்த நோட்டீஸ், வாட்ஸப் ஃபார்வர்டு, அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்டிய போஸ்டர் என எல்லாவற்றிலும் வாசகம் ஒன்றுதான். முழு உடல் பரிசோதனை, 88 டெஸ்ட், 4,999 அடித்து 999, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம். இதை நம்பிப் பணம் கட்டி, ரிப்போர்ட் வந்த மறுநாள் பயந்துபோய் ஸ்கேனுக்கும் சத்து மாத்திரைக்கும் பல மடங்கு கொட்டிக் கொடுக்கிறார்கள். லேபின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், முறை மாறுவதில்லை.

முதலில் அந்த 88ஐப் பிரிப்போம். இப்படியான பேக்கேஜின் ரிப்போர்ட் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ரத்த அணுக்கள் (சிபிசி) 24, சிறுநீர் 19, கல்லீரல் 12, கொழுப்பு 10, சிறுநீரகம் 9, இரும்புச்சத்து 4, தைராய்டு 3, ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது) 2, சர்க்கரை 1, வைட்டமின் டி, பி12 இரண்டும் சேர்த்து 2, ஆர்ஏ ஃபேக்டர் (முடக்குவாதத்துக்குப் பார்ப்பது), சிஇஏ (புற்றுநோய் தொடர்பாகப் பார்ப்பது) இரண்டும் சேர்த்து 2. கூட்டினால் 88. எடுப்பதோ மூன்று டியூப் ரத்தமும் ஒரு டப்பா சிறுநீரும்.

கொழுப்பில் வரும் பத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால், ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு), இந்த மூன்றுதான் மெஷினில் அளப்பது. 210, 40, 150 என்று வந்தால் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து விஎல்டிஎல் (இன்னொரு வகைக் கொலஸ்ட்ரால்) 30. மொத்தத்தில் ஹெச்டிஎல்லையும் இந்த 30ஐயும் கழித்தால் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 140. மொத்தத்தில் ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் நான்-ஹெச்டிஎல் 170. பிறகு நாலு விகிதங்கள். அதில் எல்டிஎல்/ஹெச்டிஎல் ஒரு டெஸ்ட், அதையே தலைகீழாகப் போட்டு ஹெச்டிஎல்/எல்டிஎல் இன்னொரு டெஸ்ட்! ஆக, ஏழு ‘டெஸ்ட்’ கால்குலேட்டரில் முடிந்துவிட்டது. எல்டிஎல்லை நேரடியாக அளக்கும் லேப்களும் உண்டு. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாகத்தான் அளக்க வேண்டும். 999 பேக்கேஜில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்களா என்று முன்பே கேளுங்கள்.

கல்லீரலிலும் இதே கதை. இன்டைரக்ட் பிலிரூபின், குளோபுலின் இரண்டும் கழித்தல், இன்னும் இரண்டு விகிதம். சிறுநீரகப் பகுதியில் யூரியாவை 2.14ஆல் வகுத்து ‘பியுஎன்’ (யூரியாவில் உள்ள நைட்ரஜன்) என்று தனி வரி. ஹெச்பிஏ1சி 6 என்றால் 28.7ஆல் பெருக்கி 46.7 கழித்து, சராசரி சர்க்கரை 126 என்று இன்னொரு வரி. சிறுநீரின் நிறம் வெளிர் மஞ்சள் என்று எழுதுவதும் ஒரு டெஸ்ட், எத்தனை மில்லி இருக்கிறது என்பதும் ஒரு டெஸ்ட். கணக்குப் போட்டு வருவதெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. கிரியாட்டினின் என்ற கழிவின் அளவிலிருந்து கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் உண்மையிலேயே பயனுள்ள எண். ஆனால் அதைத் தனி டெஸ்ட் என்று விலைப்பட்டியலில் ஏற்றுவதுதான் பித்தலாட்டம். ரிப்போர்ட்டில் ‘மெத்தட்’ என்ற பத்தியில் ‘கால்குலேட்டட்’ என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணினாலே புரிந்துவிடும்.

சரி, எண்ணிக்கையைப் பெருக்குவதால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ‘நார்மல்’ அளவு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. மீதி 5 சதவீதம் பேர் நோய் இல்லாமலேயே வெளியே விழுவார்கள். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்கே ஏதாவது ஒன்றாவது சிவப்பில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். எண்ணிக்கை கூடக் கூட சிவப்பு எழுத்து நிச்சயம். 999 ரூபாயில் லேபுக்குப் பெரிய லாபம் இல்லை, அது ஆள் பிடிக்கும் செலவு. சம்பாத்தியம் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால் வருகிறது.

ரிப்போர்ட் பிடிஎஃப் வந்து சில மணி நேரத்தில் போன் வரும். “சார், உங்க ரிப்போர்ட்ல நாலு வேல்யூ அப்நார்மலா இருக்கு, டாக்டர்கிட்ட ஃப்ரீயா பேச வைக்கிறோம்.” பேசுகிறவர் டெலிகாலர். அவருக்கு மாத டார்கெட் உண்டு. அடுத்து வருவது மூன்றில் ஒன்று: சத்து மாத்திரை, ‘அட்வான்ஸ்டு’ பேக்கேஜ், அல்லது ஒரு மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட். பீடி பிடிக்கும் 58 வயதுக்காரருக்கு சிஇஏ கொஞ்சம் கூடியிருந்தால் ‘கேன்சர் மார்க்கர்’ என்ற ஒரு வார்த்தை போதும், வீடே ஆடிப்போகும். புகைப்பவர்களுக்கு சிஇஏ சாதாரணமாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் புற்றுநோய் தேட அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது மருத்துவ நூல்களில் உள்ள பாலபாடம். ஆர்ஏ ஃபேக்டரும் அப்படித்தான். மூட்டு வலியே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் பாசிட்டிவ் வரும். ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி பார்க்க வேண்டாம் என்று அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியே 2024இல் சொல்லிவிட்டது. டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) லேசாக ஏறியிருந்தால் உடனே மாத்திரை வேண்டாம், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். முடி வளர பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு எண்களே தாறுமாறாகும்.

ரத்தம் எடுக்க வருகிற தம்பியையும் கொஞ்சம் கவனியுங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்து வீடு ஏறி இறங்கி, பைக்கில் தொங்கும் பையோடு ஒன்பதரைக்கு லேப் போய்ச் சேர்கிறார். அணுக்களைத் தனியே பிரிக்காத ரத்தத்தில் அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வெறும் வயிற்றில் 128 இருந்த சர்க்கரை மூன்று மணி நேரத்தில் 105 பக்கம் இறங்கி, சர்க்கரை நோயாளி ‘பார்டர்லைன்’ ஆகிவிடுவார். இதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு டியூப். மஞ்சள் அல்லது சிவப்பு மூடி டியூபிலேயே சர்க்கரைக்கும் எடுத்தால் தடுத்துக் கேளுங்கள். ஊதா மூடி சிபிசிக்கும் ஹெச்பிஏ1சிக்கும். ஊசி உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், டியூபில் பெயரும் நேரமும் உங்கள் முன்னால் எழுதப்பட வேண்டும், பையில் ஐஸ் பேக் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் மூன்று நேரம் இருக்கும்: எடுத்தது, லேபுக்கு வந்தது, ரிப்போர்ட் கொடுத்தது. முதல் இரண்டும் ஒரே நிமிடத்தைக் காட்டினால் நேரத்தை யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான ‘என்ஏபிஎல்’லின் முத்திரையும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, டெஸ்ட் வாரியாக, இட வாரியாகக் கிடைப்பது. எம்சி என்று தொடங்கும் சான்றிதழ் எண்ணை என்ஏபிஎல் தளத்தில் போட்டு, உங்கள் டெஸ்டும் அந்தக் கிளையும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் ‘உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரிச் சலுகை’ என்று இன்னொரு தூண்டில் வரும். அது வரியில் கழிவதல்ல, வருமானத்தில் கழிவது. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கான உச்சவரம்புக்குள். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 5,000 முழுதும் செலவழித்தாலும் மிச்சம் 1,040 ரூபாய்.

இத்தனைக்கும், 88இல் இல்லாத ஒன்று ரத்த அழுத்தம். பட்டை கட்டிப் பார்ப்பதற்குக் குரியரில் அனுப்பும் சாம்பிள் கிடையாதே! புகையிலை போடுகிறவரின் வாயை டார்ச் அடித்துப் பார்ப்பதும், பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் இல்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு அரசின் தொற்றாநோய்த் திட்டம் பார்க்கச் சொல்வது இவற்றையும் சர்க்கரையையும் மார்பகப் பரிசோதனையையும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிரஷருக்கும் சுகருக்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் புதுப் பேக்கேஜ் வாங்க வேண்டாம். சந்தேகமான ஒரே ஒரு டெஸ்டை மட்டும் வேறு லேபில் எடுத்து, உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். தொல்லை அழைப்புகளுக்கு 1909. விளம்பரம் ஏமாற்றியது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அதனால் நோட்டீஸையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், டெலிகாலர் அனுப்பிய வாட்ஸப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேச்சு முடிந்ததும் அந்தப் பக்கம் ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்திவிடுவார்கள்.